தன்னைக் குறைத்து எண்ணுதல் பணிவாகுமா?

கல்வி தேடுவதை வணக்கத்தோடு வைத்து எண்ணும் மார்க்கம் நம்முடையது. ஹிராக் குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வசனங்களே ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றிப் பேசின. பிள்ளைகள் நாலெழுத்துக் கற்றுக் கரையேற வேண்டும் என்பதற்காகக் கடல் கடந்து சென்று உழைக்கும் தந்தையரும், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்கும் தாய்மாரும் நம் இல்லங்களில் எத்தனையோ பேர்!

அவ்வாறு அனுப்பி வைக்கப்பெற்ற மகனும் மகளும் கல்லூரி விடுதியில் எந்த மனநிலையில் இருக்கின்றனர் என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. பருவத் தேர்வு நெருங்கும் நாள்களில் அவர்களுள் பலருக்கு உறக்கம் வருவதில்லை. உண்ட சோறு செரிப்பதில்லை. பத்து முறை படித்த பக்கமும் நெஞ்சில் நிற்பதில்லை. ‘அரியர்’ என்று அவர்கள் சொல்லும் தேறாத பாடம் ஒன்று விழுந்துவிட்டாலோ, ஊருக்கு வரவே கூசுகின்றனர். இவற்றினும் ஆழமாக ஓர் எண்ணம் அவர்களை அரிக்கின்றது. ‘இந்த இடத்துக்கு நான் தகுதியுடையவன் அல்லன், எப்படியோ உள்ளே வந்துவிட்டேன், என் அறியாமையை ஒருநாள் எல்லாரும் கண்டுகொள்வார்கள்’ என்பதே அந்த எண்ணம்.

இதனைக் கேள்வியுறும் பெரியவர்கள் இரு வகையாகப் பேசுகின்றனர். ஒரு சாரார், ‘இறைவன் மீது நம்பிக்கை குறைந்ததனால் வந்த வினை, ஒழுங்காகத் தொழுதால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று கடிந்துகொள்கின்றனர். மற்றொரு சாரார், ‘என் பிள்ளை தன்னைப் பற்றிப் பெருமையே பேசமாட்டான், அவ்வளவு அடக்கம்’ என்று மகிழ்ந்துகொள்கின்றனர். முன்னவர் துன்பத்தைக் குற்றமாகக் கொள்கின்றனர். பின்னவர் அதனையே குணமாகக் கொள்கின்றனர். இரண்டும் பொருந்தா. தேர்வைக் கண்டு அஞ்சுவது ஈமானின் குறைவுமன்று. தன்னைத் தாழ்த்தி மதிப்பிடுவது பணிவுமன்று. இதனை நம் மார்க்கத்தின் வரலாற்றைக் கொண்டும், மனநூலார் கண்டறிந்தவற்றைக் கொண்டும் சற்றே ஆராய்வோம்.

அளவுகோல் மாறியது

ஊர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். பிளஸ் டூத் தேர்வு முடிவு வந்த அன்று ஜமாஅத்தார் அவனுக்குச் சால்வை போர்த்தினர். தெருவே அவனைப் பற்றிப் பேசிற்று. பின்னர் நகரத்துக் கல்லூரியில் அவன் சேர்ந்த வகுப்பில் அறுபது பேர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் ஊரில் முதல் மாணவர்களாக இருந்தவர்களே! அதுவரை தமிழில் படித்தவனுக்கு இங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் அவன் முப்பதாவதாக நின்றான்.

அவனுடைய அறிவில் அணுவளவும் குறையவில்லை. கல்லூரியில் கால் வைத்த அன்று அறிந்திருந்ததைவிட இப்போது அவன் மிகுதியாகவே அறிந்திருக்கின்றான். ஆயினும், தான் மூடன் என்று முடிவு கட்டிவிடுகின்றான். அவன் மாறவில்லை, அவனை அளந்த கோல் மாறிவிட்டது. அதனை அவனுக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை.

ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் மனநூல் அறிஞர் 1984ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்து எழுதினார். ஒரே திறமை வாய்ந்த இரு மாணவர்களுள், சிறந்த மாணவர் நிறைந்த பள்ளியில் பயில்பவர், நடுத்தரமான பள்ளியில் பயில்பவரைக் காட்டிலும் தம் திறமையைத் தாழ்வாக மதிப்பிடுகின்றார் என்பது அவர் கண்ட முடிவு. சிறு குளத்துப் பெரிய மீனை உவமையாகக் கூறி அவர் இதற்குப் பெயரிட்டார். 2003ஆம் ஆண்டில் அவரும் மற்றோர் அறிஞரும் 26 நாடுகளைச் சேர்ந்த 15 வயது மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்தபோதும் இவ்வுண்மை உறுதிப்பட்டது. ஆகவே, ‘நான் மட்டுந்தான் இப்படி’ என்று தலையணையில் முகம் புதைக்கும் மாணவன் தனியன் அல்லன். நாடு, மொழி, சமயம் ஆகிய வேறுபாடின்றி மனித மனம் தன்னை அளந்துகொள்ளும் முறையே இதுவாகும்.

மாணவரை வரிசைப்படுத்தி நிறுத்தும் தேர்வு, கல்வியோடு ஒட்டிப் பிறந்ததும் அன்று. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்லாமிய உலகில் ‘இஜாஸா’ என்னும் முறை வழங்கி வந்தது. ஆசிரியர் ஒருவர் தம்மிடம் குறிப்பிட்ட ஒரு நூலைப் பயின்ற மாணவருக்கு, அந்நூலை இனிப் பிறருக்குக் கற்பிக்கலாம் என்று கொடுக்கும் அனுமதியே அது. இவர் இதனைக் கற்றார் என்று அது கூறிற்று. இத்தனை பேரில் இவர் எத்தனையாவது என்று அது கூறவில்லை.

இன்றைய பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தவிர்க்க இயலாது, தவிர்க்கவும் வேண்டுவதில்லை. ஆயினும், மூன்று மணி நேரத்தில் எழுதப்பெற்ற விடைத்தாளுக்கு இடப்பெற்ற எண், அந்த விடைத்தாளின் அளவே. எழுதியவரின் அளவாக அதனைக் கொள்வதே துன்பத்தின் தொடக்கம். செல்வத்திலும் தோற்றத்திலும் தம்மினும் மேலானவரைக் காண நேர்ந்தவர், தம்மினும் குறைவாகப் பெற்றவரையும் நோக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு திசை மட்டுமே தெரிந்தால், இறைவன் அளித்த அருட்கொடைகள் அற்பமாகத் தோன்றிவிடும் என்பதே அதன் கருத்து.

அஞ்சும் மனத்தில் நிகழ்வது

தேர்வு அச்சத்தை 1967ஆம் ஆண்டில் லீபர்ட், மோரிஸ் என்னும் இரு அறிஞர்கள் இரண்டாகப் பகுத்தனர். நெஞ்சு படபடத்தல், கை வியர்த்தல், வயிறு கலங்குதல் ஆகிய உடற்குறிகள் ஒரு பகுதி. ‘தேறமாட்டேன், வீட்டார் என்ன சொல்வர், மற்றவர் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கின்றனரே’ என்று ஓடும் கவலை மற்றொரு பகுதி. இவ்விரண்டனுள் மதிப்பெண்ணை மிகுதியும் குறைப்பது கவலையே என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

காரணம் விளங்கக்கூடியதே. ஒரு கணக்கைச் செய்யும்போது அதன் படிகளை மனம் ஏந்தி வைத்துக்கொள்ள வேண்டும். மனத்தின் அந்த ஏந்துகலம் மிகச் சிறியது. அதில் பாதியைக் கவலை நிரப்பிக்கொண்டால், கணக்குக்கு எஞ்சுவது பாதியே. தேர்வு மண்டபத்தில் மறந்துபோன விடை, வெளியே வந்து மரத்தடியில் நிற்கும்போது தானே நினைவுக்கு வருவதை மாணவர் அனைவரும் அறிவர். அறிவு அழிந்துவிடவில்லை, அதற்கு இடம் இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

நன்றாகப் படிப்பவரையும் இவ்வச்சம் விடுவதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பட்டமும் பதவியும் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் கண்டது வியப்புக்குரியது. தம் வெற்றிக்குத் திறமை காரணமன்று, நற்பேறோ தேர்வாளரின் தவறோதான் காரணம் என்று அப்பெண்களுள் பலர் எண்ணினர். ஒருநாள் தாம் போலிகள் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினர். ஆண்களிடமும் இம்மனநிலை உண்டு என்பது பின்னர்த் தெரிய வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளுக்கு இது மிக எளிதில் பற்றிக்கொள்ளும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ஆம் ஆண்டிலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951ஆம் ஆண்டிலும் தோன்றிய பின்னரும், பல தலைமுறைகளாகக் கடையிலும் கப்பலிலும் தோல் மண்டியிலும் உழைத்த நம் குடும்பங்கள் பலவற்றில், பட்டப்படிப்பு என்பது இந்தத் தலைமுறையில்தான் நுழைகின்றது. வழி கேட்க வீட்டில் ஆளில்லாத பிள்ளை, வழி தெரியாமையைத் தன் அறிவின்மை என்று எண்ணிக்கொள்கின்றது.

பெருமானார் (ஸல்) அவர்கள் அடிக்கடி வேண்டிவந்த பிரார்த்தனை ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியில் அது பதிவாகியுள்ளது. அப்பிரார்த்தனையில் கவலையும் துயரமும் ஓர் இணையாகவும், இயலாமையும் சோம்பலும் மற்றோர் இணையாகவும் அடுத்தடுத்து வருகின்றன. அனைத்திலிருந்தும் அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். இவ்வரிசை சிந்தனைக்குரியது. வருங்காலத்தைப் பற்றிய கவலை மிகுந்தால் கை ஓடாது. கை ஓடாமல் நாள் கடந்தால் பெற்றோர் அதனைச் சோம்பல் என்பர். சோம்பல் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளையின் கவலை இன்னும் பெருகும். புத்தகத்தைத் திறக்காமல் படுத்துக் கிடக்கும் மகனை ஏசுவதற்கு முன், அவன் படுத்திருப்பது சோம்பலினாலா, அச்சத்தினாலா என்று கேட்டறிய வேண்டும்.

நா எழாத பேராசிரியர்

கல்விக்கூடத்தில் உள்ளம் தளர்வது மாணவருக்கு மட்டும் உரியதும் அன்று; அறிவில் குறைந்தவர்க்கே வருவதும் அன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வே அதற்குச் சான்று.

பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058ஆம் ஆண்டில் பிறந்த இமாம் அவர்கள், நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். 1091ஆம் ஆண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நகரின் நிஜாமிய்யாக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். அப்பொழுது அவர்களுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. முன்னூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அந்நாளைய அறிவுலகில் அதனினும் உயர்ந்த இருக்கை அரிது.

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, அதாவது 1095ஆம் ஆண்டு, ரஜப் மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதங்கள் தாம் பட்ட பாட்டை இமாம் அவர்கள் ‘அல் முன்கிது மினள் ளலால்’ என்னும் தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார்கள். பாடம் நடத்த அமர்ந்தால் நா எழவில்லை. மாணவர் மனம் குளிர ஒருநாளாவது பேசிவிட வேண்டுமென்று முயன்றும் ஒரு சொல்லும் வரவில்லை. துயரம் நெஞ்சில் தேங்கிற்று, உணவு செல்லவில்லை, உடல் மெலிந்தது. மருத்துவர்கள் பார்த்தனர். நோயின் வேர் உள்ளத்தில் இருக்கின்றது, உள்ளக் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன்படாது என்று கைவிரித்தனர்.

இமாம் அவர்கள் தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்தார்கள். தாம் கற்பிப்பதன் நோக்கத்தில் புகழும் பதவியும் கலந்திருப்பதைக் கண்டார்கள். குடும்பத்தாருக்குத் தேவையான பொருளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பக்தாதை நீங்கினார்கள். திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தங்கினார்கள், ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள். சுமார் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1106ஆம் ஆண்டில், நீஷாப்பூரில் மீண்டும் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார்கள். முன்னர்ப் பதவியைப் பெற்றுத் தரும் கல்வியைப் புகட்டியதாகவும், இப்போது பதவியாசையைத் துறக்கச் செய்யும் கல்வியைப் புகட்டுவதாகவும் அவர்களே தெளிவுபடுத்தினார்கள்.

படிப்பை விட்டு ஓடிவிடலாம் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. அவர்கள் கல்விக்கே திரும்பி வந்தார்கள். மாணவர் கருத வேண்டியவை இரண்டு. இத்தகைய துன்பம் ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ என்று உலகம் போற்றும் பேரறிஞருக்கும் வந்தது. ஆகவே அது அறிவின்மையின் அடையாளமன்று. பிறர் கண்ணில் தாம் எவ்வாறு தோன்றுகின்றோம் என்னும் எண்ணம் கல்விக்குள் புகுந்துவிட்டால், அது பேரறிஞரின் நாவையும் கட்டிவிடும்; ஆகவே அவ்வெண்ணத்தை வெளியே நிறுத்துவதே விடுதலைக்கு வழி.

இரு நபிமார்கள், ஓர் உண்மை

இனி, பணிவு என்றால் என்ன என்பதைக் காண்போம். பணிவு என்பது உள்ளதை மறுப்பதன்று. இறைவன் கொடுத்த திறமையை ‘இல்லை’ என்று கூறுவது உண்மைக்கு மாறானது. கொடுத்தவனுக்கு நன்றி பாராட்டாமையும் ஆகும். இறைவனின் அருட்கொடையை எடுத்துரைக்குமாறு சூரா ளுஹாவின் இறுதியில் கட்டளையிடப்பட்டிருப்பதை நம் வீட்டுச் சிறுவரும் ஓதுகின்றனர்.

யூசுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். எகிப்தின் அரசர் அவர்களை அழைத்துப் பேசியபோது, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர்கள் கேட்டார்கள். அவற்றைக் காக்கவும் தம்மால் இயலும், அதற்குரிய அறிவும் தமக்கு உண்டு என்று வெளிப்படையாகக் கூறினார்கள். பஞ்சம் வரவிருந்த வேளையில், ‘எனக்கென்ன தெரியும்?’ என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு ஆணை பிறந்தபோது, தம் நெஞ்சை விரிவாக்குமாறும், நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும், பணியை எளிதாக்குமாறும் இறைவனிடம் வேண்டினார்கள். தம்மினும் தெளிவாகப் பேச வல்லவர் என்று சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள். தம் குறையை அவர்கள் மறைக்கவில்லை; குறை உண்டு என்பதற்காகப் பணியை மறுக்கவுமில்லை.

ஒருவர் தம் திறமையை உரைத்தார்கள். மற்றவர் தம் தேவையை உரைத்தார்கள். இருவருமே உண்மையை உரைத்தார்கள். இருவருமே பணிவின் சிகரங்கள். தன்னை மிகுத்துக் கூறுவது பெருமை. தன்னைக் குறைத்துக் கூறுவது தன்னிழிவு. தன்னை உள்ளபடி அறிந்து, உள்ளதற்கு நன்றியும் இல்லாததற்கு முயற்சியும் செய்வதே பணிவு. நம் மாணவமணிகள் யூசுஃப் (அலை) அவர்களின் சொல்லையும் மூஸா (அலை) அவர்களின் பிரார்த்தனையையும் சேர்த்தே கற்க வேண்டும். பிரார்த்தனையை மட்டும் கற்று, சொல்லை விட்டுவிடுகின்றனர் பலர்.

படித்தோமா என்று அறிவது எப்படி?

தன்னை உள்ளபடி அறிவதற்கு ஒரு வழி வேண்டும். மனம் தரும் சான்றை அப்படியே நம்ப முடியாது. அஞ்சும் மனம் ‘ஒன்றும் தெரியாது’ என்னும்; அஞ்சாத மனம் ‘எல்லாம் தெரியும்’ என்னும்; இரண்டும் பொய்யாக இருக்கலாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அறிஞர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பயன்படும். ஒரு சாராருக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, நான்கு வேளை திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒரு வேளை மட்டும் படிக்கச் செய்து, பின் மூன்று முறை அதனைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர் நினைவில் நின்றது 40 விழுக்காடு. பார்க்காமல் எழுதிப் பழகியவர் நினைவில் நின்றது 61 விழுக்காடு. ஆயினும், தம் நினைவில் நன்றாக நிற்கும் என்று மிகுதியும் நம்பியிருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

ஹிஃப்ழு மதரஸாவின் திண்ணையில் வளர்ந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. அன்றைய பாடத்தை முஸ்ஹஃபை மூடிவிட்டு உஸ்தாதின் முன்னிலையில் ஒப்புவிக்க வேண்டும். பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்புவித்து வரவேண்டும். தடுமாறிய இடத்தைத் திருத்திக்கொண்டு மறுநாள் வரவேண்டும். பார்த்து ஓதும்போது தெரிந்ததுபோல் இருந்தது, பார்க்காமல் ஓதும்போது தெரியாமற் போவதை அங்கே சிறுவனும் உணர்ந்துகொள்வான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையிலும் இதற்கொரு நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஜுர்ஜானில் கல்வி பயின்று ஊர் திரும்பும் வழியில் கள்வர் அவர்களைச் சூழ்ந்து அனைத்தையும் பறித்தனர். எழுதி வைத்த குறிப்பேடுகளையாவது தந்துவிடுமாறு அவர்கள் மன்றாடினார்கள். தம் கல்வி முழுவதும் அவற்றில்தான் உள்ளது என்றார்கள். ஏடு போனதும் போய்விடும் கல்வியைக் கற்றதாக எப்படிச் சொல்வது என்று கள்வர் தலைவன் நகைத்துவிட்டு, ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான். அச்சொல்லைத் தமக்கு நேர்வழி காட்ட வந்ததாகவே ஏற்றுக்கொண்டு, தூஸ் திரும்பிய இமாம் அவர்கள் மூன்றாண்டுகள் முயன்று அனைத்தையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள்.

ஆகவே, மாணவர் நாள்தோறும் மாலையில் புத்தகத்தை மூடிவிட்டு, அன்று கற்றதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்கட்டும். எழுத வந்ததும் உண்மை, வராததும் உண்மை. ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்னும் இருள், ‘இம்மூன்று இடங்களில் எனக்குத் தெளிவில்லை’ என்று சுருங்கிவிடும். அம்மூன்றை மறுநாள் ஆசிரியரிடமோ உடன் பயில்வோரிடமோ கேட்கலாம். வடிவமற்ற அச்சத்துக்கு மருந்து கிடையாது. பெயர் தெரிந்த குறைக்கு மருந்து உண்டு.

அன்னை கதீஜா காட்டிய வழி

பெற்றோரின் கடமை என்ன? அதனை அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் கற்போம். முதல் வஹீயின் பாரம் நபித்துவத்தின் பாரம். மாணவர் அச்சத்தை அதனோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஆயினும், நடுங்கி வந்த உள்ளத்தைத் தேற்றும் முறைக்கு அதனினும் உயர்ந்த முன்மாதிரி நமக்கில்லை.

ஹிராவிலிருந்து இல்லம் திரும்பிய பெருமானார் (ஸல்) அவர்கள், தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள். போர்த்தினார்கள். நடுக்கம் தணியும்வரை போர்த்தியிருந்தார்கள். அதன் பின்னரே பெருமானார் நடந்ததை உரைத்து, தம்மைக் குறித்து அஞ்சுவதாகக் கூறினார்கள். அன்னையார் முழுவதையும் செவிமடுத்தார்கள். இறைவன் அவர்களை ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்று உறுதி கூறினார்கள். அவ்வுறுதிக்குச் சான்றும் காட்டினார்கள். உறவைப் பேணுவதையும், இயலாதவரின் சுமையைச் சுமப்பதையும், வறியவருக்கு ஈட்டித் தருவதையும், விருந்தோம்புவதையும், துன்பத்தில் துணை நிற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. வேதங்களை அறிந்த முதியவரான வரக்கா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

எத்தகைய ஒழுங்கு! முதலில் இதம், அடுத்துச் செவி, பின்னர் உண்மைச் சான்றோடு கூடிய ஆறுதல், முடிவில், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல். நம் வீடுகளில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகின்றது. மகள் தொலைபேசியில் குரல் உடைந்து பேசத் தொடங்கியதும், முதற்சொல்லாக அறிவுரை வருகின்றது. இரண்டாம் சொல்லாக மாமு மகளின் மதிப்பெண் வருகின்றது. மூன்றாவதாகச் செலவழித்த பணத்தின் கணக்கு வருகின்றது. அதன் பின் அப்பெண் எதுவும் சொல்லமாட்டாள். ‘நன்றாக இருக்கிறேன் வாப்பா’ என்று தொலைபேசியை வைத்துவிடுவாள்.

‘நீ கெட்டிக்காரி, எல்லாம் நன்றாகவே நடக்கும்’ என்னும் வெற்று ஆறுதலும் நிலைக்காது, அஞ்சும் மனம் அதனை நம்புவதில்லை. ‘சென்ற ஆண்டு இதே பாடம் உனக்குக் கடினமாக இருந்தது, நாள்தோறும் விடியலில் எழுந்து படித்துத் தேறினாய். உம்மா நோயுற்றுக் கிடந்தபோது வீட்டையும் பார்த்துக்கொண்டாய்’ என்று அவள் செய்ததையே அவளுக்கு நினைவூட்ட வேண்டும். அதை அவளால் மறுக்க இயலாது. மதிப்பெண்ணுக்கு அப்பாலும் தனக்கு மதிப்பு உண்டு என்பதை அவள் அதிலிருந்தே அறிவாள்.

அறிந்தவரிடம் அழைத்துச் செல்லும் கடமையையும் தட்டிக்கழிக்கக் கூடாது. பல நாள் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவரோடும் பேசாமை, வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு ஆகியவற்றைக் கண்டால், அது ஏசித் திருத்தும் காலமன்று. மனநல மருத்துவரிடம் செல்லும் காலம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டுள்ளது. அவை அனைத்துக்கும் தேர்வே காரணம் என்று கூற முடியாது. எனினும், அத்தனை பேரும் ஏதோ ஓர் இல்லத்தின் கண்மணிகள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். இறைவன் இறக்கிய நோய் ஒவ்வொன்றுக்கும் மருந்தையும் இறக்கியுள்ளான் என்னும் நபிமொழி, உடல் நோய்க்கு மட்டும் என்று எவரும் வரையறுக்கவில்லை. தொழுகை மனத்துக்குத் திண்மை தரும். தொழுபவர் மருத்துவரிடம் செல்வது தவக்குலுக்கு மாறாகாது.

தடுமாறுவோருக்கு இரு கூலி

இறுதியாக ஒன்று. குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுபவருக்குரிய உயர்நிலையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிவிட்டு, நா திக்கித் துன்பப்பட்டு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்றும் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஓதியதற்கு ஒன்று; பட்ட பாட்டுக்கு ஒன்று என்று அறிஞர்கள் இதனை விளக்குவர். பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் பட்ட பாட்டுக்கு இடமில்லை. அதனை எழுதி வைக்கும் ஏடு வேறு.

தட்டுத் தடுமாறிப் பயிலும் மாணவ மாணவியர் அனைவரும் இதனை நெஞ்சில் இருத்தட்டும். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பெற்றோர்கள் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தம்மை உள்ளபடி அறியும் தெளிவையும், கவலையிலிருந்தும் இயலாமையிலிருந்தும் பாதுகாவலையும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.